வீட்டுக்கு ஒரு மின்பிறப்பாக்கி: வாங்குமுன் எண்ணிப் பார்ப்போம்

மின்சாரம் இல்லாமல் வாழ்வதை எமக்கு ஒருவரும் கற்றுத்தரத் தேவையில்லை. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்தத் திரி வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள்தான் நாங்கள். மீள்குடியேறி, வீட்டுக்கு மின்சாரம் வந்த பின்னர் எமது வாழ்க்கை மாறியது. தையல், அரைத்தல், குளிரூட்டி விற்றல் என்று பலருடைய உழைப்பும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, முன்னர் இருட்டைக் கண்டு பயப்படாத நாங்கள் கலங்கிப்போனதற்குக் காரணம் இதுதான். 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பல மாவட்டங்களை இருட்டாக்கியது.

இவற்றின் பின்னர் எமது கிராமத்துப் பெண்கள் பலர் என்னிடம் கேட்பது, "அக்கா, நாங்களும் ஒரு ஜெனரேற்றர் வாங்கினால் என்ன?" என்பதுதான். நான் 2023 இல் சீட்டுக்காசு எடுத்து ஒன்று வாங்கினேன். பாடசாலைச் சீருடை தைத்துத்தான் எனது இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் பார்க்கிறேன். அம்மாவுக்கு நீரிழிவு, இன்சுலின் ஏற்ற வேண்டும். ஆகவே அந்த இயந்திரத்தை எப்படித் தெரிவு செய்தேன் என்பதைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஒரு கொப்பியை எடுத்து, மின்சாரம் நின்றால் எமது வீட்டில் எது நிற்கக்கூடாது என்று எழுதினேன். தையல் இயந்திரத்தின் மோட்டார் 100 வாற்று. எல்.ஈ.டி. மின்குமிழ் மூன்றுக்கும் 27. மின்விசிறிக்கு 60. தொலைபேசிக்கு 20. குளிர்சாதனப் பெட்டிக்கு 150. இந்த எண்கள் பொருட்களின் பின்புறத்திலுள்ள தகட்டிலேயே இருக்கும். எல்லாம் கூட்டினால் 357 வாற்று. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஐந்து மடங்கு என்று வைத்து 750 எனக் கணக்கிட்டேன். மற்றவற்றின் 207 ஐயும் சேர்த்தால் 957. அதாவது தொடர்ந்து 1000 வாற்று தரக்கூடிய சிறிய இயந்திரம் எமக்குப் போதும்.

கொப்பியில் எழுதிய பின்னர் வெட்டிய பொருட்களும் உண்டு. அயன் பெட்டி 1000 வாற்று. அதற்குப் பதிலாக அம்மாவின் பழைய கரி அயன் பெட்டியும் சிரட்டைக்கரியும் இருக்கின்றன. ஒரு குதிரைவலுத் தண்ணீர் மோட்டாரும் தொடங்கும்போது பல மடங்கு இழுக்கும். கிணற்றில் கப்பியும் வாளியும் இருக்கின்றன. இந்த இரண்டையும் விட்டதால்தான் இயந்திரத்தின் அளவும் விலையும் குறைந்தன.

கடையில் நின்ற தம்பி என்னைப் பார்த்ததும், "அக்கா, ஆம்பிளை ஆரும் கூட வரேல்லையோ?" என்று கேட்டார். பின்னர், வீட்டுக்கென்றால் 3 கிலோவாற்றுக்குக் குறையக்கூடாது என்றார். நான் கொப்பியைக் காட்டினேன். பெரிய இயந்திரம் 40 கிலோவுக்கு மேல் பாரம். பாதிச் சுமையில் ஓடினாலும் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவில் பெற்றோல் குடிக்கும். சிறியது ஏறத்தாழ 25 கிலோ. அரை லீற்றர் அளவில் போதும். 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபா விற்றதையும், அதன் பின்னர் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் மட்டும் கிடைத்ததையும் நாம் மறக்கவில்லை. கானில் பெற்றோல் அடிக்க விடாத நாட்களும் இருந்தன. எரிபொருள் கிடைக்காத காலத்தில் பெரிய இயந்திரம் வெறும் பாரம்தான்.

அதன் பின்னர் அவரிடம், "நான் இழுத்துத் தொடக்கிப் பாக்கிறன் தம்பி" என்றேன். எனது வலது தோளில் 2009 இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. இழுவைக் கயிறு கடினமாக இருந்தால் தோள் விட்டுவிடும். முதலாவது இயந்திரத்தை என்னால் தொடக்க முடியவில்லை. இரண்டாவது இடது கையால் இழுத்தும் மூன்றாம் தரத்தில் தொடங்கியது. அதையே வாங்கினேன். எம்மில் பலருக்குக் கையிலும் முதுகிலும் காயம் உண்டு. இரவு பதினொரு மணிக்கு அயலாரை எழுப்பாமல், தனியே தொடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கயிறு இழுக்கவே முடியாதவர்கள் திறப்பால் தொடக்கும் இயந்திரத்தைக் கேட்கலாம். அதற்குப் பற்றறி வேண்டும், விலையும் கூடும்.

கடையில் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறதா எனப் பாருங்கள். யப்பானிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் சில 100 வோல்ட் தருபவை. எண்ணெயும் பெற்றோலும் கலந்து விடும் சிறிய இயந்திரங்கள் மலிவு. ஆனால் புகையும் சத்தமும் அதிகம். எண்ணெய் வேறாக விடும் இயந்திரத்துக்கு முதல் 20 மணித்தியாலத்தின் பின்னர் எண்ணெய் மாற்ற வேண்டும்.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியமானது. தனித்து வாழும் பெண்கள் களவுக்குப் பயந்து இயந்திரத்தைக் குசினிக்குள்ளோ விறாந்தையிலோ வைத்து ஓட்ட நினைப்பார்கள். அது உயிரைப் பறிக்கும். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும். நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே போகலாம். யன்னலைத் திறந்து வைப்பது போதாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுப் பக்கம் பாராமல் வைக்க வேண்டும். நான் வேப்ப மரத்தடியில் நான்கு தடி நட்டு, சுவர் இல்லாமல் மேலே தகரம் மட்டும் போட்டு, இயந்திரத்தைச் சங்கிலியால் மரத்துடன் பூட்டியிருக்கிறேன். இரவு நித்திரைக்குப் போகுமுன் நிறுத்திவிடுவேன். அந்த இரைச்சலில் நாய் குரைப்பதும் படலை திறபடுவதும் கேட்காது என்பதும் ஒரு காரணம்.

இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் சுவரிலுள்ள பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த மின்சாரம் வீட்டைத் தாண்டி வெளிக் கம்பிக்கும் போகும். அங்கே கம்பத்தில் ஏறித் திருத்துபவரும் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி. எம்மைப் போல இன்னொருத்தி துணையை இழக்க நாம் காரணமாகக் கூடாது. பொருட்களை இயந்திரத்தில் நேரடியாகப் பூட்டுங்கள். அல்லது தகுதியான மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்று ஆளி பூட்டுங்கள். பெற்றோல் விடுவதானால் இயந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறிய பின்னர் விடுங்கள். பெற்றோல் கானை அடுப்படியில் வைக்க வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியை நாள் முழுவதும் ஓட்டத் தேவையில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். இடையிடையே ஒரு மணித்தியாலம் ஓட்டுகிறேன். அம்மாவின் பாவனையிலுள்ள இன்சுலினை, ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் நனையாதபடி நிழலில் வைக்கிறோம். உங்கள் வீட்டு மருந்தை எப்படி வைப்பது என்று கிளினிக்கில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்மையில் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவரும் கொப்பியில் எழுதிப் பார்த்தார். அவர் வீட்டில் நிற்கக்கூடாதவை இரண்டு மின்குமிழும் ஒரு தொலைபேசியும்தான். அதற்கு மின்பிறப்பாக்கி எதற்கு? சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்கு ஒன்றை வாங்கினார். மீதிப் பணத்தில் கோழிக்கூடு அடித்து, பத்துக் குஞ்சு விட்டிருக்கிறார்.