வராத ரயிலும் ஒரு வாடகை சைக்கிளும்

ரயில் லேட்டாக வருவது உலக வழக்கம். அரை மணி, ஒரு மணி... ரொம்பப் போனால் அரை நாள். ஆனால் மலையைக் குடைந்து, பாலம் கட்டி, ஸ்டேஷனும் எழுப்பி வைத்த பிறகு ஒரு ரயில்கூட வராமலே போன பாதை ஒன்று உண்டு. தெற்கு ஸ்பெயினில், அந்தலூசியா மாநிலத்தில் இருக்கிறது.

புவெர்த்தோ செர்ரானோ என்கிற ஊருக்கும் ஓல்வேரா என்கிற ஊருக்கும் நடுவே 36 கிலோமீட்டர். அதற்குள் 30 சுரங்கங்கள், நான்கு பெரிய பாலங்கள்! 1920-களில், ப்ரீமோ தெ ரிவேரா என்ற ராணுவத் தளபதி நாட்டை ஆண்ட காலத்தில் ஆரம்பித்த வேலை. மலையோர கிராமங்களை வெளியுலகத்தோடு இணைத்துவிடலாம் என்பது திட்டம். ஆட்சி போயிற்று, பணம் போயிற்று, 1936-ல் உள்நாட்டுப் போரே வந்துவிட்டது. ரயில் மட்டும் வரவில்லை.

இப்போது அந்தச் சுரங்கங்களுக்குள் சைக்கிள்கள் போகின்றன.

ஸ்பெயினில் இதற்கு 'வியா வெர்தே' என்று பெயர். பச்சைப் பாதை. 1993-ல் தொடங்கிய திட்டம். கைவிட்ட ரயில் பாதைகளைச் செப்பனிட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டும் என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு நாடு பூராவும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கார் கிடையாது, லாரி கிடையாது, பின்னாலிருந்து பாம்பாம் என்று ஹாரன் அடித்து உயிரை வாங்க ஆள் கிடையாது.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு அளவைக் கூட்டிக்கொண்ட அன்பர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஸ்பெயின் மலை நாடு. மலையேறியே பேர் வாங்கிய பாஹமோன்தெஸ், 1959-ல் டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்த முதல் ஸ்பானியர். 1991 முதல் 1995 வரை வரிசையாக ஐந்து தடவை ஜெயித்த இந்துராய்னும் அந்த நாட்டுக்காரர்தான். அவர்கள் தொடை வேறு, நம் தொடை வேறு. ஆனால் ரயில் தடத்தில் அந்தக் கவலை வேண்டாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிப்பு குறைவு. செங்குத்தாக ஏறச் சொன்னால் வழுக்கும். அதனால் நூறு மீட்டருக்கு இரண்டு, மூன்று மீட்டர் என்று பாதையைச் சாய்த்துச் சாய்த்து ஏற்றியிருக்கிறார்கள். ரயிலுக்குப் பார்த்த தயவு, சைக்கிள்காரன் முழங்காலுக்குக் கிடைத்தது!

ஓல்வேராவில் வாடகை சைக்கிள் எடுத்து ஆரம்பித்தால் பெரும்பாலும் இறக்கம். (திரும்பி வரும்போது கணக்கு நேராகிவிடும்.) வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, சுரங்கத்துக்குள் நுழைந்ததும் குளுகுளுவென்று இருக்கும். இருப்பதிலேயே நீளமானது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கையில் டார்ச் இருப்பது நல்லது.

வழியில் ஸாஃப்ரமகோன் என்று ஒரு பாறை மலை. நூற்றுக்கணக்கான பிணந்தின்னிக் கழுகுகளின் குடியிருப்பு. ஒவ்வொன்றும் சிறகு விரித்தால் இரண்டரை மீட்டர். தலைக்கு மேலே வட்டமிடுகிறதே என்று பயப்படாதீர்கள். பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்வரை அதற்கு நம் மேல் அக்கறை இல்லை.

கொஞ்சம் நிறுத்திக் காது கொடுத்தால் ஆட்டு மணி கேட்கும், காற்று கேட்கும், தன் சைக்கிள் செயினின் கிறீச்சும் கேட்கும். வேறு ஒன்றும் கேட்காது.

அதெப்படி சார், ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் ஒன்றில் இவ்வளவு நிசப்தம்? காரணம் தெரிய வேண்டுமானால், அங்கிருந்து வடகிழக்கே தெருவேல் மாகாணத்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஓஹோஸ் நெக்ரோஸ் என்று ஓர் ஊர். 'கறுப்புக் கண்கள்' என்று அர்த்தம். இரும்புத் தாது எடுத்த இடம். தாதுவைக் கடற்கரையில் இருக்கும் சகுந்தோவுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வாடகைப் பேரம் படியவில்லை. சுரங்கக் கம்பெனி என்ன செய்தது? "போய்யா, நீயும் உன் ரயிலும்!" என்று, கிட்டத்தட்ட பக்கத்திலேயே, 200 கிலோமீட்டருக்குத் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டது! 1907-ல் வண்டி ஓட ஆரம்பித்தது. 1972-ல் நின்றது. 1984-ல் சகுந்தோவின் இரும்பு உலை அணைந்தது. 1987-ல் சுரங்கமும் மூடியாயிற்று.

அந்த வீம்புப் பாதைதான் இப்போது ஸ்பெயினின் மிக நீளமான பச்சைப் பாதை. சுமார் 160 கிலோமீட்டர். 1,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எஸ்காந்தோன் கணவாயைத் தாண்டிவிட்டால், அப்புறம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலை நோக்கி இறக்கம்தான். பைன் காடு, பாதாம் தோப்பு, கடைசியில் ஆரஞ்சுத் தோட்டம். இரண்டு மூன்று நாளில் நிதானமாக முடிக்கலாம்.

வழியில் கிராமங்கள் வரும். கல் வீடு, சர்ச் கோபுரம், வாசலில் நாற்காலி போட்ட ஒரு பாட்டி... பல வீடுகளுக்குப் பூட்டு.

நூறு வருஷத்துக்கு முன் தெருவேல் மாகாணத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது அதில் ஏறத்தாழ பாதி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்! 1950-களிலிருந்து பையன்களும் பெண்களும் பார்சலோனாவுக்கும் வாலென்சியாவுக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிப் போனார்கள். போனவர்கள் ஆகஸ்ட் லீவுக்கு வருவார்கள். செப்டம்பரில் மறுபடி பூட்டு.

2016-ல் ஸெர்ஹியோ தெல் மோலினோ என்ற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'காலி ஸ்பெயின்' என்று பெயர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். "காலி ஸ்பெயின் இல்லை ஐயா... காலி செய்யப்பட்ட ஸ்பெயின்!" 2019 மார்ச் 31-ல் அந்தக் கோஷத்தோடு மாட்ரிட் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அந்த வருஷம் நவம்பர் தேர்தலில் 'தெருவேல் இருக்கிறது' என்ற பெயரில் நின்ற அமைப்பு பார்லிமெண்டில் ஒரு சீட் பிடித்தது. 2020 ஜனவரியில் பிரதமர் ஓட்டெடுப்பு 167-க்கு 165 என்று இழுபறியாக முடிந்தபோது, அந்த ஒற்றை ஓட்டுக்கு எவ்வளவு மவுசு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! 2023 தேர்தலில் அந்த சீட் போய்விட்டது. பிரச்னை போகவில்லை.

ஆக, நாம் "ஆஹா, என்ன அமைதி!" என்று சிலாகிக்கிற அந்த அமைதி, யாரோ ஊரைவிட்டுப் போனதால் மிச்சமான அமைதி. போட்டோவில் இது விழாது.

சரி, சைக்கிள்காரன் போய் அந்த ஊரைக் காப்பாற்றிவிடுவானா? மாட்டான். மூடிய பள்ளிக்கூடத்தை அவனால் திறக்க முடியாது. ஆனால் ஒரு பாரைத் திறந்து வைக்க அவனால் முடியும். பார் என்றதும் கண்ணைச் சுருக்காதீர்கள். ஸ்பானிய கிராமத்தில் காலைக் காபி, பேப்பர், சீட்டாட்டம், ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். பல ஊர்களில் மிச்சமிருக்கிற ஒரே கடை அது. அதுவும் மூடிவிட்டால் அந்தப் பாட்டிக்குப் பேச்சுத் துணைக்கு யார்?

கார்க்காரர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கிராமத்தைக் கடந்துவிடுவார். சைக்கிள்காரனால் முடியாது. அவனுக்குப் பசிக்கும். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு காபி, மத்தியானம் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டி, ராத்திரி ஒரு கட்டில். அவனுடைய வேகக் குறைவுதான் அந்த ஊரின் வருமானம்.

போகிற பாக்கியம் கிடைத்தால் சில விஷயங்கள். தெற்கே ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏப்ரல், மே, அக்டோபர் உத்தமம். ஊர் நடுவே குழாய் இருக்கும். 'நோ போதாப்லே' என்று எழுதியிருந்தால் முகம் கழுவலாம், குடிக்கக் கூடாது. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடைக்காரர் தூங்கப் போய்விடுவார். அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் பகைதான் மிஞ்சும். பச்சைப் பாதையை விட்டுத் தார் ரோட்டுக்கு வந்தால், கார்கள் ஒன்றரை மீட்டராவது விலகித்தான் நம்மைத் தாண்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஹெல்மெட் மறக்கக் கூடாது.

இன்னொன்று. பெரிய நகரத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே பிஸ்கட், பழம், தண்ணீர் எல்லாம் மூட்டை கட்டி கேரியரில் ஏற்றிக்கொண்டு புறப்படாதீர்கள். பை காலியாகவே இருக்கட்டும். வழியில் முதல் கிராமத்து பாரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "காபி கொன் லெச்சே" என்று கேளுங்கள். பால் காபி வரும். சில்லறை இருந்தால் இரண்டாவதும் கேளுங்கள். ரயிலுக்காகத்தான் காத்திருந்தார்கள், நீங்கள் வந்திருக்கிறீர்கள்!