‘இல்லை’ என்று எழுதினோம்

உபாத்தியாயர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தை யார் கையில் கண்டாலும், அதை வாங்கி நாமே எழுதிக் கொடுத்தாலொழிய நமக்கு மனம் ஆறாது. இருபது வருஷமாக வருகைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் எழுதி வந்ததன் பலன் இது. சென்ற ஐப்பசியில் இந்த வியாதி நம் சிற்றப்பாவின் உயிருக்கே உலை வைத்திருக்கும்.

சிற்றப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பெங்களூரில் பயிற்சி பெற்று, இருபத்து நான்கு வருஷம் சேவை செய்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, வெண்ணாற்றங்கரையில் நமது கிராமத்திலேயே ஆறு மா நிலத்தில் சம்பா பயிரிட்டுக்கொண்டு இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். கூப்பிட்டால் சில சமயம் திரும்பியும் பார்க்க மாட்டார். “பட்டாளத்துக் கர்வம்” என்பார்கள் ஊரார். தீபாவளி இரவு மட்டும் அவர் வீட்டில் தங்குவதில்லை. தண்ணீர் பாய்ச்சப் போவதாகச் சொல்லிவிட்டு வயலிலுள்ள மோட்டார் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வார். அடை மழைக் காலத்தில் தண்ணீர் பாய்ச்சுவானேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பட்டாசுக்குப் பயந்த சிப்பாய் என்று சிறுவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிறுவர்களில் நாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில் அவர் வரப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. “ஒன்றுமில்லை, தம்பி. ஒரு சோடா குடித்தால் சரியாய்ப் போய்விடும்” என்றார். நாம் சோடாவுக்குப் பதிலாகக் கார் கொண்டு வந்தோம்.

முன்னாள் ராணுவத்தினருக்காக மத்திய சர்க்கார் 2003 ஏப்ரலில் ஆரம்பித்த வைத்தியத் திட்டம் ஒன்று உண்டு. இ.சி.எச்.எஸ். என்று சொல்வார்கள். அதற்கு முன்னெல்லாம் ஓய்வு பெற்ற சிப்பாய்க்குப் பெரிய வியாதி வந்தால், ராணுவ ஆஸ்பத்திரியை நாடி வெல்லிங்டனுக்கோ சென்னைக்கோ போக வேண்டும். தஞ்சாவூர்க்காரருக்கு அது பாதிக் காசி யாத்திரை. இப்போது தஞ்சையிலேயே அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்; ஆபத்தான சமயமென்றால் நேரே போய்விடலாம். நாம் நேரே போனோம்.

அங்கே சிற்றப்பாவைப் பார்த்துக்கொண்டவர் ஓர் இளம் டாக்டரம்மாள். இருதயத்துக்கு ஒருவர், மூளைக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று நிபுணர்கள் வந்து வந்து போக, வார்டிலேயே இருந்து முழு மனிதனையும் கவனிக்கும் வைத்தியர் அவர். இப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்காவில் ‘ஹாஸ்பிடலிஸ்ட்’ என்று பெயர். வாச்டர், கோல்ட்மன் என்னும் இரண்டு டாக்டர்கள் 1996-ல் சூட்டிய பெயராம். நம் ஊரில் பெயர் இல்லாமலே அந்த வேலை நடக்கிறது.

முதலில் எடுத்த ஸி.டி. படத்தில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. மறுநாள் காலை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கொரு படிவம் வந்தது. விடுவோமா? பேனாவை எடுத்தோம். உடம்பில் உலோகம் ஏதேனும் உண்டா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டோம். சிற்றப்பா இரண்டடி தூரத்தில் கண் விழித்துப் படுத்திருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாலையில் டாக்டரம்மாள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வலி எப்படி இருக்கிறது, ஐயா?”

“ஒன்றுமில்லை, மேடம்.”

“பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறீர்கள். அது போகட்டும். எங்கெங்கே வேலை பார்த்தீர்கள்?”

“பதான்கோட், லே, ஜோத்பூர்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

“அப்புறம்?”

“இலங்கை, மேடம். எண்பத்தேழிலிருந்து தொண்ணூறு வரை.”

டாக்டரம்மாள் எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடப் பக்கம் வந்து உட்கார்ந்தார். வலது காது கேட்கவில்லை என்பதை ஐந்து நிமிஷத்தில் கண்டுகொண்டார். நாம் முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கர்வம் என்று எண்ணியிருந்தோம்!

“கண்ணி வெடியா, ஐயா?”

“முன்னால் போன வண்டிக்குத்தான், மேடம். அதில் நாலு பேர். எனக்கு ஒன்றுமில்லை.” அவருடைய இடது கை மெல்லப் போய் வலக் காதுக்குக் கீழிருந்த தழும்பைத் தொட்டது. லாரியிலிருந்து விழுந்து பட்ட காயம் என்றுதான் சித்தி உள்பட நாங்கள் எல்லோரும் அறிவோம்.

அன்றிரவே எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தில், பெரிய ரத்தக் குழாயை ஒட்டினாற்போல், துவரம் பருப்பு அளவு ஓர் இரும்புத் துண்டு. சாதாரண எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் காந்த சக்தி பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு. இரும்பாயிருந்தால் அந்தத் துண்டு உள்ளே அசையலாம். அந்த இடத்தில் அசைந்தால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாள் சொல்லி முடிக்கவில்லை. நம் கையெழுத்திட்ட படிவத்தைக் கிழித்துவிட்டு, “இனிமேல் அவரையே கேட்டு எழுதுங்கள், ஸார்” என்றார். நாற்பது மாணவர்களுக்கு முன்னால் தலைமை ஆசிரியர் நம்மைக் கண்டித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போயிற்று. அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் புலிகளோடு யுத்தம் செய்ய நேர்ந்தது. சுமார் 1,200 சிப்பாய்கள் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னை வந்து இறங்கியபோது, அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. நமக்கு அப்போது வயது பத்து. சிற்றப்பா விடுமுறையில் வந்திருந்தார். கடைத்தெருவில் எல்லா வாயிலும் அந்த யுத்தப் பேச்சுத்தான். ‘போய்ச் சுட்டது தமிழனைத்தானே’ என்று காதுபடவே பேசினார்கள். தமிழ் பேசும் ஊரில், தமிழில் வழி கேட்டுக்கொண்டு, துப்பாக்கிக் காவலுடன் அரிசி மூட்டை ஏற்றிப் போன மனிதர் அதற்கு என்ன பதில் சொல்வார்? லாரியிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிட்டார்.

வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இப்படித்தான் வரவேற்பில்லாமல் போயிற்று. வெடிச் சத்தத்துக்கு நடுங்குவதும், இரவில் திடுக்கிட்டு விழிப்பதும் கோழைத்தனமல்ல, வைத்தியம் செய்ய வேண்டிய நோய் என்று அவ்வூர் மனநோய் வைத்தியர்கள் தங்கள் நூலில் பெயரிட்டுச் சேர்த்தது 1980-ல். நம் கிராமத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. இல்லாமலே வைத்தியம் நடந்தது. சிறு ரத்தக் கட்டுத்தான். மாத்திரைகளும் கைப் பயிற்சியும் போதும் என்றார்கள். ஆறாம் நாள் கை விரல்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டன. டாக்டரம்மாள் கொடுத்த சீட்டின் முதல் வரியில், முன்னாள் ராணுவ வீரர், இலங்கை 1987–90, கழுத்தில் உலோகத் துண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “அதில் என்ன போட்டிருக்கிறது? படியேன்” என்று சித்தி கேட்டாள். இந்தத் தடவை நாம் முதலில் சிற்றப்பாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் சற்று நேரம் கழித்துத் தலையசைத்தார். படித்துத் தமிழில் சொன்னோம்.

“லாரியிலிருந்து விழுந்ததென்றீர்களே?” என்றாள் சித்தி.

“ஆமாம்” என்றார் சிற்றப்பா. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, மடையில் தண்ணீர் வடிந்ததா என்று பார்க்கப் போய்விட்டார்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. பேரப் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த அணுகுண்டு வெடிகளைச் சித்தி ஒவ்வொரு பெட்டியாகத் தனியே பொறுக்கி எடுத்தாள். மத்தாப்பையும் பூவாணத்தையும் மட்டும் கூடத்தில் வைத்துவிட்டு, மற்றவற்றைத் தண்ணீர் நிறைந்த அண்டாவில் போட்டாள்.