மூவர் கோயிலும் சிங்கப்பூர் லென்ஸும்

திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறவர்களில் பலர் விராலிமலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் கொடும்பாளூரைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். நான்குவழிச் சாலையின் வேகம் அப்படி. வேகத்தைக் குறைத்து ஊருக்குள் திரும்பினால், வயல், கருவேலங்காடு, ஆட்டுக்கிடை எல்லாம் தாண்டி, வெட்டவெளியில் இரண்டு கற்கோயில்கள் தோளோடு தோள் நிற்கும். பெயர் மட்டும் மூவர் கோயில். மூன்றாவதன் அடித்தளம்தான் மிச்சம்.

மூன்றுமே மேற்குப் பார்த்துக் கட்டப்பட்டவை. அதனால் காலையில் போகிறவர்களுக்கு முகப்பு நிழலில் இருக்கும். நாலு மணிக்கு மேல் வெயில் சாயச் சாய, கல்லில் தேன்நிறம் ஏறும். விமானத்தின் மேலடுக்குகளில் இருக்கும் சிற்பங்களும், கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகக் கும்மாளம் போடும் பூதகணங்களும் அப்போதுதான் உயிர் பெறும். கேமரா வைத்திருப்பவர்கள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் 2022, 2023ல் வந்த பிறகு, வானதியின் ஊர் எது என்று தேடி வரும் இளைஞர் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கல்கியின் நாவலில் வானதி கொடும்பாளூர் இளவரசி. கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரியின் பெயர்தான் கதையில் அவளுடைய பெரிய தந்தைக்கும்.

கதையை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வந்தாலும் ஊர் சளைத்ததில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மறையவன், கொடும்பையின் நெடுங்குளத்தைத் தாண்டியதும் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பை இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம் இது. அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனாரும் இந்த மரபுதான். அடியாருக்கு அன்னமிட அரண்மனை நெல்லைத் திருடி மாட்டிக்கொண்டவனைத் தண்டிக்காமல், களஞ்சியத்தையே திறந்துவிட்டவர் அவர்.

நடுக்கோயிலின் தெற்குச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. தொடக்கப் பகுதி சிதைந்துபோனாலும் மீதி படிக்கக் கிடைக்கிறது. விக்கிரமகேசரியின் முன்னோர் வரிசையைச் சொல்லி, அவன் தன் பெயரிலும் தன் இரு தேவியரான கற்றளி, வரகுணை பெயரிலும் மூன்று கோயில்கள் எழுப்பியதாகச் சொல்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடமும், ஐம்பது துறவியருக்கு உணவளிக்கப் பதினோரு ஊர்களும் கொடுத்ததையும் பதிவு செய்திருக்கிறது. காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அரசன் பெயர் இருக்கிறது, அரசியர் பெயர் இருக்கிறது, துறவியின் குருமார் பெயர்கூட இருக்கிறது. யானையை உரிக்கும் சிவனின் முகத்தில் அந்தச் சிரிப்பைச் செதுக்கியவன் யார் என்று மட்டும் இல்லை.

இப்போது அந்தச் சிரிப்பைப் படம்பிடிக்க வருகிறவர்களின் கையைப் பார்க்கலாம். லென்ஸின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். நிக்கான் என்றால் பல லென்ஸ்களில் தாய்லாந்து. டாம்ரான் என்றால் வியட்நாமாக இருக்கலாம். லட்சத்துக்கு மேல் விலை போகும் சோனியின் ஜி மாஸ்டர் வரிசையிலும் சீனாவில் தயாரானவை உண்டு. கேனானின் விலை உயர்ந்த எல் வரிசைக்கு ஜப்பானில் உத்சுனோமியா ஆலை இருக்கிறது. சிக்மா நிறுவனம் மட்டும், ‘நாங்கள் எங்கும் போகமாட்டோம்’ என்று புகுஷிமா மாகாணத்து ஐசு ஆலையிலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது.

வாங்குகிறவர்கள் இந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெயர் ஜப்பானுடையது, செய்த இடம் வேறு என்றால் முகம் லேசாகச் சுருங்கும். ‘அந்தக் காலத்து ஜப்பான் மாதிரி வருமா?’ என்ற பேச்சு கேமரா கடைகளில் சாதாரணம்.

அந்தக் காலத்து ஜப்பானைப் பற்றி அந்தக் காலத்து ஐரோப்பா என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? மலிவு, ஜெர்மனியைப் பார்த்துக் காப்பியடித்தது என்று. 1950ல் கொரியப் போரைப் படமெடுக்கப் போன ‘லைஃப்’ பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கான் லென்ஸ்களைப் பயன்படுத்தி, அந்தப் படங்கள் அமெரிக்காவில் அச்சான பிறகுதான் பேச்சு மாறத் தொடங்கியது. நம்மூர் ஸ்டூடியோக்களிலும் இதே கதைதான். கழுத்தில் தொங்கவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் பெட்டிகளில், ஜெர்மனியின் ரோலைஃப்ளெக்ஸ் வைத்திருந்தவர் பெரிய ஆள். அதே வடிவில் ஜப்பானிலிருந்து வந்த யாஷிகா, கையிருப்பு குறைந்தவர்களுக்கு. இன்றைக்கு வீட்டு ஆல்பங்களில் இருக்கும் தாத்தா பாட்டி கல்யாணப் படங்களில் பாதி, அந்த ‘மலிவு’ யாஷிகா எடுத்ததாகத்தான் இருக்கும்.

லென்ஸ் தொழில் ஊர் மாறிய கதைகளில் தமிழர்களுக்கு மிக நெருக்கமானது ரோலையுடையதுதான். ஏனென்றால் அது போன இடம் சிங்கப்பூர். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் பக்கம் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடத்தான் வேண்டும். அங்கிருந்து வரும் பெட்டியில் கோடாலித் தைலத்தோடும் நைலான் சேலையோடும் கேமராவும் வந்த காலம் ஒன்று உண்டு.

ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் 1920ல் தொடங்கிய நிறுவனம் ரோலை. 1966ல் அது ‘ரோலை 35’ என்ற குட்டிக் கேமராவைக் கொண்டுவந்தது. ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், லென்ஸை இழுத்தால் வெளியே வரும், திருகித் தள்ளினால் உள்ளே போய்விடும். உலகமே ஆசைப்பட்டது. ஆனால் ஜெர்மனியில் கூலி ஏறிக்கொண்டே போனது, ஜப்பான்காரர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ரோலையின் தலைவர் ஹைன்ரிஷ் பீசல் துணிச்சலாக ஒரு முடிவெடுத்தார். ஏதோ சில்லறைப் பாகங்களை மட்டும் வெளியே செய்யாமல், கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சிங்கப்பூரில் செய்வது. 1971ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. கார்ல் சைஸ் வடிவமைத்த டெசார், பிளானார், சோனார் போன்ற பெயர்பெற்ற லென்ஸ்களை உரிமம் வாங்கி அங்கேயே தேய்த்து, மெருகேற்றி, பூச்சு பூசி, பூட்டினார்கள்.

சிங்கப்பூருக்கும் அது வாழ்வா சாவா என்ற நேரம். 1965ல் தனிநாடு, 1968ல் பிரிட்டன் தன் படைத்தளங்களைக் காலி செய்யப்போவதாக அறிவிப்பு. தளங்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும். அரசாங்கம் வெறும் நிலத்தையும் வரிச்சலுகையையும் மட்டும் நீட்டவில்லை. கம்பெனிகளோடு சேர்ந்து பயிற்சிக்கூடங்களைத் தொடங்கியது. 1972ல் டாடாவோடு ஒன்று, 1973ல் ரோலையோடு ஒன்று, 1975ல் பிலிப்ஸோடு ஒன்று. தொழிற்சாலை நாளைக்குப் போகலாம், கற்ற கை போகாது என்ற கணக்கு.

அந்தக் கணக்கின் அருமை தெரிய, லென்ஸ் எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கட்டியை முதலில் வளைவுக்குத் தேய்ப்பார்கள். பிறகு சீரியம் ஆக்சைடு கலந்த கூழை விட்டு மெருகேற்றுவார்கள். வளைவு சரியா என்று பார்க்க, அளவு தப்பாத ஒரு மாதிரிக் கண்ணாடியை அதன்மேல் வைத்தால், இரண்டுக்கும் நடுவே ஒளி வளையங்கள் தெரியும். வளையம் நெளிந்தால் வளைவு தப்பு. தவறு எவ்வளவு என்றால், ஒளியின் ஓர் அலை நீளத்தில் சிறு பங்கு. தலைமுடியின் தடிமன் அதற்கு முன்னால் மலை. அப்புறம் நடுமையம் பார்க்க வேண்டும், காற்றில்லா அறைக்குள் பூச்சு பூச வேண்டும், ஐந்தாறு கண்ணாடிகளை ஒரே நேர்க்கோட்டில் பூட்ட வேண்டும். எந்திரம் பாதி வேலை செய்தாலும், வளையத்தைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிறுத்தும் கண் பழகி வருவது. பிரௌன்ஷ்வைக்கில் தலைமுறைகளாகப் பழகியதைச் சிங்கப்பூரில் சில ஆண்டுகளில் பழகிக் காட்டினார்கள். மொத்தம் 20 லட்சம் அளவுக்கு விற்ற ரோலை 35 வரிசையில் பெரும்பகுதி சிங்கப்பூர்க் கைகள் பூட்டியது.

இருந்தும் ரோலை 1981ல் திவாலானது. சிங்கப்பூர் ஆலையும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். லென்ஸ் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. கைக்கு மீறிக் கிளை விரித்ததும், கடனும், மின்னணுக் கேமராக்களில் ஜப்பான் முந்திப்போனதும்தான் கவிழ்த்தன. ஆனால் பழகிய கைகளும் பயிற்சிக்கூடங்களும் மிச்சமிருந்தன. அடுத்த ஆண்டே சீகேட் நிறுவனம் கணினி டிஸ்க் செய்ய அங்கே வந்தது. பழைய கேமரா சேகரிப்பவர்கள் இன்றும் ஜெர்மன் முத்திரை உள்ள ரோலை 35க்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இரண்டும் எடுத்த படங்களை முத்திரையை மறைத்துக் கலந்து வைத்தால் பிரித்துச் சொல்வது பெரும்பாடு.

போகிற தொழில் போன இடத்திலாவது நிலைக்கும் என்பதும் இல்லை. நிக்கானின் தாய்லாந்து ஆலை அயுத்தயாவில் இருக்கிறது. 2011 அக்டோபர் வெள்ளத்தில் அந்தத் தொழிற்பேட்டையே மூழ்கி, உற்பத்தி நின்றது. உலகம் முழுக்கக் கடைகளில் நிக்கான் தட்டுப்பாடு. பிறகு எழுந்துவிட்டார்கள் என்பது வேறு.

கொடும்பாளூரிலிருந்து இதையெல்லாம் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திருச்சியிலும் இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் செயற்கை வைரம் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வேலை. சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, குச்சி நுனியில் ஒட்டிய சிறு கல்லை ஒவ்வொரு முகமாகத் தேய்ப்பார்கள். பெண்கள் அதிகம். கோணம் ஒரு துளி பிசகினால் கல் ஜொலிக்காது. லென்ஸ் மெருகேற்றுவதற்கு இது தூரத்துச் சொந்தம்தான். கண்ணாடி அல்லது கல், தேய்ப்புப் பொடி, பழகிய கண், குறைந்த கூலி. குறைந்த கூலிக்காக வேலை இங்கே இருந்தது. அதைவிட வேகமாக எந்திரத்தில் வெட்டித் தள்ள சீனத்து வூசோ நகரம் கிளம்பியதும், அங்கே போய்விட்டது. உலகின் செயற்கை ரத்தினத் தலைநகரம் என்று வூசோவைச் சொல்கிறார்கள். இங்கே சாணைகள் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டன. சிங்கப்பூரைப் போல அந்தக் கைகளை வேறொரு நுண்தொழிலுக்குத் திருப்ப நம் பக்கம் யாரும் மெனக்கெடவில்லை என்பது வருத்தமான விஷயம்.

படத்தொழிலில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பெயர் இருந்தது. உதகையில் 1960ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்தது. காலம் மாறியது, அதுவும் மூடியது.

இப்போது காற்று திரும்ப இந்தப் பக்கம் வீசுகிறது. மூவர் கோயிலில் செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளின் கையிலிருக்கும் ஐபோன் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டியதாக இருக்கலாம். ஆனால் அதன் பின்புறம் முறைக்கும் கேமராக் கண்கள் வெளிநாட்டுச் சரக்கு. ஆப்பிளுக்கு லென்ஸ் கொடுப்பதில் தைவானின் லார்கன் முக்கியமான நிறுவனம். இந்தப் பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கேமரா மாட்யூலும் அந்தப் பட்டியலில் உண்டு. அதோடு சேர்த்துத் தமிழக அரசும் தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. வந்தால், இந்த முறை இடமும் கூலியும் மட்டும் நம்முடையதாக இருக்குமா, வளையத்தைப் பார்த்து வளைவைச் சொல்லும் வித்தையும் நம்முடையதாகுமா என்பதைப் பயிற்சிக்கூடங்களின் எண்ணிக்கை சொல்லிவிடும்.

கொடும்பாளூருக்குப் போகிறவர்கள் மூவர் கோயிலோடு திரும்பிவிட வேண்டாம். ஊரில் முசுகுந்தேஸ்வரர் கோயில் இருக்கிறது. மகிமாலய இருக்குவேள் கட்டியது. ஐந்தளி என்ற சிதைந்த கோயிலிலிருந்து கிடைத்த ஒற்றைக்கல் நந்தி பிரம்மாண்டம். கோயில் வளாகத்தில் உடைந்த சிற்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நேரமிருந்தால் குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை எல்லாம் ஒரே நாள் பயணத்தில் சேரும். மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; முக்காலி வைத்துப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும். மாலை வெயிலில் எடுக்க நினைப்பவர்கள், கேட் பூட்டும் நேரத்தைப் போனவுடன் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிற்பங்கள் உயரத்தில் இருப்பதால் தூரத்தை இழுக்கும் லென்ஸ் நல்லது. அது எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் சரி. பக்கத்தில் கடை அதிகம் இல்லை, தண்ணீர் பாட்டிலை விராலிமலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.