தாத்தாவின் பேனாவும் தில்லிக் குளிரும்

நம் மன்ற மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி ஆசிரியர் நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, அவர் பார்வை என் வலது கை நடுவிரல்மேல் விழுந்தது. அதில் நீல மை. பக்கத்து விரலிலும் நீல மை. "இதைப் பற்றியே எழுதிவிடேன்!" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கோ அது சரியான யோசனையாகவே பட்டது. இந்த விடுதிக்கு வந்த இரண்டு வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த காரியம் ஒன்று உண்டென்றால், அது ஒரு பேனாவின் வயிற்றில் நேரே மையை ஊற்றி எழுத வைத்ததுதான். மற்றக் காரியங்களைப் பற்றி என் பேராசிரியர்களைக் கேட்காமல் இருப்பது நல்லது.

விஷயம் என் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 35 வருஷம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். வயது 83. காது அநேகமாகக் கேட்பதில்லை. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைச்சல் தாங்கவில்லை என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். கைப்பேசியில் என் முகத்தைக் காட்டினால், "இளைச்சுட்டியேடா!" என்பார். அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் அவரைப் போய்ச் சேராது. ஆகவே எங்கள் இருவருக்கும் இடையே இருந்தது கடிதம் ஒன்றுதான். வாரம் ஒரு கடிதம் தவறாமல் வரும். அம்மாவின் முழங்கால் வலி முதல் வாய்க்காலில் தண்ணீர் வந்தது வரை எல்லாம் அதில் இருக்கும். நடுநடுவே என் சென்ற கடிதத்துப் பிழைகளின் திருத்தமும் இருக்கும்.

அந்தக் கடிதங்களை எழுதிய பேனா, கடைசலில் கடைந்த கறுப்பு எபோனைட் பேனா. உள்ளே ரப்பர்ப் பை கிடையாது, உறிஞ்சு குழாய் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்ற வேண்டியது, குழலுக்குள் பில்லரால் மையை நேரே ஊற்ற வேண்டியது, மறுபடி திருக வேண்டியது, அவ்வளவுதான். 1884-ல் அமெரிக்காவில் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற ஊற்றுப் பேனாவும் இதே ஜாதிதான். அப்புறம் மற்ற நாடுகள் நெம்புகோல் என்றும் கார்ட்ரிட்ஜ் என்றும் எங்கெங்கோ போய்விட்டன. நம் நாடு இதை விடவில்லை. 1935-ல் காந்தியடிகள் சுதேசிப் பேனா என்று பாராட்டிக் கடிதம் எழுதினாரே, ராஜமுந்திரி ரத்தினம் பேனா, அதுவும் இந்த வகையே. சென்னைப் பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கோவின் காமா பேனாவை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அறிவார்கள்.

பேனாவில் மை எவ்வளவு இருக்கிறது என்று தாத்தா திறந்து பார்த்து நான் கண்டதில்லை. காதருகே கொண்டுபோய் இரண்டு ஆட்டு ஆட்டுவார். பாதிக்கு மேல் இருந்தால் ஒரு சத்தமாம், கீழே இறங்கிவிட்டால் வேறு சத்தமாம். தம்புரா சுருதி பார்க்கிற வித்துவான் மாதிரி கண்ணை வேறு மூடிக்கொள்வார். "பாதிக்குக் கீழே விடாதே, கக்கும்" என்பது எங்கள் வீட்டில் எனக்கு விதிக்கப்பட்ட முதல் சட்டம். ஏன் கக்கும் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன வருஷம் அந்தப் பேனா கக்க ஆரம்பித்தது. கடிதத்தில் கக்கியது, வெள்ளை வேஷ்டியில் கக்கியது, பாட்டியின் வாயையும் கிளறிவிட்டது. தீபாவளிக்கு வந்த கடிதத்தில், "பேனாவுக்கும் என் வயது ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் கடிதமே இல்லை. அப்பா பால்பாயிண்ட் பேனா வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். அதை அழுத்தித்தான் எழுத வேண்டும். தாத்தாவுக்கோ விரல் கணுவெல்லாம் வாதம். அரைப் பக்கம் எழுதுமுன் கை ஓய்ந்துவிடுகிறது என்று அம்மா சொன்னாள். நிப்புப் பேனாவுக்கு அழுத்தம் தேவையில்லை. தாளில் பட்டால் போதும், மை தானே வரும்.

எபோனைட்டில் புதுப் பேனா வாங்கலாமென்றால், அதன் விலை என் ஒரு மாத மெஸ் கட்டணத்தை எட்டிப் பிடித்தது. என்னிடம் ஒரு ஜப்பானியப் பேனா இருந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல், இறகு கனம், வழுக்கிக்கொண்டு ஓடும் நிப்பு. விலை ரூ. 400-க்கு உள்தான். ஒரே சங்கடம், அதற்கென்றே செய்த கார்ட்ரிட்ஜ்தான் அதில் பொருந்தும். அது ஒரு மில்லி மைதான் பிடிக்கும். மன்னார்குடியில் அது கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறிந்துவிட்டு உடலிலேயே மையை ஊற்றினால் மூன்றரை மில்லி கொள்ளும். தாத்தாவின் பழைய பேனா மாதிரியே ஆகிவிடும்.

இந்த வேலையை முதலில் வேறொரு பேனாவில் பழகிப் பார்த்தேன். கழுத்து மரையில் தேங்காய் எண்ணெய் தடவி, மை ஊற்றித் திருகி, பெருமையோடு மேஜைமேல் நிறுத்தி வைத்தேன். கீழ்நுனியில் கடுகத்தனை ஓட்டை ஒன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பல பேனாக்களில் அப்படி ஒரு காற்று ஓட்டை உண்டு என்பது, என் அறைத்தோழனின் வெள்ளைப் போர்வை நீலப் போர்வையான பிறகே எனக்குத் தெரிந்தது. அவன் லக்னோக்காரன், மரியாதை தெரிந்தவன். ஆகையால் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. (உலோகத் திருகு, உலோகக் குழல் உள்ள பேனாக்களும் இதற்கு உதவா. மை பட்டுப் பட்டு உலோகம் அரித்துவிடும்.)

ஜப்பானியப் பேனாவில் ஓட்டை இல்லை, உலோகமும் இல்லை. ஆனால் மரை வழியே கசியாமலிருக்க இரண்டு சாமான் வேண்டியிருந்தது. ஒன்று, கழுத்துக்கும் குழலுக்கும் நடுவே மாட்ட ஒரு சின்ன ரப்பர் வளையம். அது சாவ்ரி பஜாரில் குழாய்ச் சாமான் கடையில் கிடைத்தது. மற்றது சிலிகோன் கிரீஸ். இதற்கு எங்கே போவது என்று நான் விழித்துக்கொண்டிருந்த சமயத்தில், விடுதியின் ஆர்.ஓ. தண்ணீர்ப் பெட்டியைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். வடிகட்டியின் ரப்பர் வளையத்துக்கு அவர் வெள்ளையாக ஏதோ தடவுவதைப் பார்த்தேன். என் அரைகுறை இந்தியில் கேட்டேன். பேனாவுக்கென்று சொன்னதும் மனிதர் சிரித்துவிட்டு, ஒரு காகிதத் துண்டில் பட்டாணி அளவு எடுத்து வைத்தார். "வாசலின் போடாதே தம்பி, சில ரப்பரை அது உப்பவைத்துக் கெடுத்துவிடும்" என்று புத்தியும் சொன்னார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கிரீஸை மரை முழுவதும் மெல்லத் தடவினேன். அதிகமானால் உள்ளே போய் நாக்கை அடைக்கும். நாக்கு என்பது நிப்புக்கு அடியிலே மையைக் கொண்டுவரும் கட்டை. பிறகு தண்ணீர் ஊற்றித் திருகி, காகிதத்தில் சுற்றி ஓர் இரவு வைத்தேன். காலையில் காகிதம் உலர்ந்தே இருந்தது. நீல மை ஊற்றினேன். பதினைந்து நாள் குற்றமில்லாமல் எழுதியது. அந்தத் தைரியத்தில் டிசம்பர் பரீட்சைக்கு அதையே எடுத்துப் போனேன்.

டிசம்பர் மாதத்துத் தில்லியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை 10 டிகிரி. பேனா இரவெல்லாம் சன்னலோரம் கிடந்திருக்கிறது; மை குழலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்துச் சூடேறிய கையால் பேனாவை எடுத்து ஒரு பக்கம் எழுதினேன், இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் பொட்டுப் பொட்டென்று நாலு சொட்டு, என் விடைமேலேயே விழுந்தது! இரண்டாம் கேள்விக்கு நான் எழுதிய நல்ல பகுதி அதோடு நீலக் கடலில் மூழ்கியது. மண்டபக் கண்காணிப்பாளர் வந்து பார்த்தார், தம் பால்பாயிண்ட் பேனாவை வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு லக்னோ நண்பன்தான் கணக்குப் போட்டான். அவன் இயற்பியல் மாணவன். குழலில் மை இல்லாத இடமெல்லாம் காற்று. 10 டிகிரிக் காற்று கைச்சூட்டில் 30 டிகிரி ஆனால் நூற்றுக்கு ஏழு பங்கு பெருக்கும். மூன்று மில்லி காற்று இருந்தால் 0.2 மில்லி மையை வெளியே தள்ளும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், சரியாக நாலு சொட்டு! மை நிறைய இருந்து, காற்று அரை மில்லிதான் என்றால் ஒரு சொட்டுக்கூடத் தேறாது. நாக்கிலுள்ள வரிப்பள்ளங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். "மூன்றரை மில்லியில் பாதிக்குக் கீழே விடாமல் இருந்தால் பிழைத்தாய்" என்றான்.

பாதிக்குக் கீழே விடாதே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா விடியற்காலையில் எழுதுபவர். மார்கழிக் குளிரிலும் அந்த நேரத்தில்தான் எழுதுவார். தில்லியில் நாலு சொட்டு என்றால் அங்கே இரண்டு சொட்டாவது விழாதா? பேனாவுக்கு வயதாகவில்லை. மரையும் தேயவில்லை. ஆட்டிப் பார்க்கிற காதுதான் போய்விட்டது. மை பாதிக்குக் கீழே இறங்கியதை அவரால் அறிய முடியவில்லை. அறுபது வருஷம் கைக்கொண்ட சட்டத்தை அவர் தம்மை அறியாமல் மீறிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்காவது இது தோன்றவில்லையே! பேனாவைக் குறை சொன்னோம், அவரும் நம்பிவிட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஜப்பானியப் பேனாவைக் கழுவிக் காலியாகவே எடுத்துப் போனேன். திண்ணையில் உட்கார்த்தி வைத்து அவர் எதிரிலேயே மை ஊற்றினேன். பேனாவை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சாய்த்தார், நிமிர்த்தினார். "மை தெரியுதேடா!" என்றார். பழக்கதோஷத்தில் ஒருமுறை காதருகேயும் கொண்டுபோனார்.

தங்கையின் நகச்சாயத்தால் குழலின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். கை நடுங்குவதால் பில்லர் பிடிப்பது அவருக்கு இயலாது. கோட்டைத் தொடும்போது மை ஊற்ற எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பெண்ணை ஏற்பாடு செய்தோம். கூலி, தாத்தாவிடம் இலவசமாகக் கணக்குப் பாடம். அவள் அதைக் கூலி என்று ஒத்துக்கொள்கிறாளா என்பது வேறு விஷயம்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. நாலு பக்கம், ஒரு சொட்டுக் கறை இல்லை. ஆசீர்வாதம், ஊர்ச் செய்தி எல்லாம் முடிந்து, "நிற்க" என்று போட்டு எழுதியிருந்தார்: "பேனா நன்றாக உழைக்கிறது. ஆனால் நீ போட்ட சிவப்புக் கோடு பாதியில் இல்லை. நூல் வைத்து அளந்தேன். ஒரு நெல் அளவு கீழே இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான இடத்தில் வேறு போடச் சொல்லியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் மை கொட்டியதாக எழுதியிருந்தாய். 'கொட்டியது' சரி. அதற்கு முன்வரியில் 'கண்கானிப்பாளர்' என்று எழுதியிருக்கிறாய். பத்துத் தடவை எழுதி அனுப்பு."