கணக்குப் பாராத கிருபை

சென்ற கோடை விடுமுறையில் கொல்லிமலையிலுள்ள வாழவந்தியில் அருகருகே அமைந்த இரு கல்லறைகளைக் கண்டேன். 1913-ஆம் ஆண்டு முதல் மலைமக்களிடையே வைத்தியமும் சுவிசேஷ ஊழியமும் புரிந்து, 1929-இல் கடுஞ்சுரத்தால் மரித்த ஜெஸ்ஸி பிராண்டு ஐயரும், 1974-இல் 95 வயதில் நித்திரையடைந்த அவர் மனைவி எவலின் அம்மையாரும் அங்கே இளைப்பாறுகின்றனர்.

ஆதியில் அவர்களை மும்முரமாய் எதிர்த்தவர் ஒரு பூசாரி. முதல் உலகப் போரை அடுத்துப் பரவிய இன்புளுயென்சாச் சுரம் அவரைப் பற்றியபொழுது சுற்றத்தார் அணுக அஞ்சினர். பிராண்டு தம்பதிகளே சென்று பணிவிடை செய்தனர். சாகுந்தறுவாயில் அவர் தம் பெண்மகவை அவர்கள் கையிலேயே ஒப்புவித்தார்.

அவ்வன்பைப் பெற அவர் ஈட்டிய புண்ணியம் யாது? ஒன்றுமில்லை. தேவகிருபையும் அத்தன்மைத்தே. நாம் பகைஞராயிருக்கையிலேயே அது நம்மைத் தேடி வருகின்றது. நற்கிரியை இரட்சிப்பின் விலையன்று, அதன் கனியே.

நானோ, என் தம்பி முதலில் மன்னிப்புக் கேட்டாலன்றி அவனோடு பேசேனென்று ஆறாண்டுகளாய்க் கணக்கு வைத்திருந்தேன். இலவசமாய்ப் பெற்றவன் கடன் வசூலிக்கத் துணிந்தேனே! அன்றிரவே அவனுக்குக் கடிதம் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வந்தாலும் வாராவிடினும் என் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது.