அம்பாசடரும் ஒரு கைப்பிடி உப்பும்

பிளாஸ்டிக் மாடல் கார் என்றதும் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். நரைத்த தலையோடு, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு கதவுக் கைப்பிடிக்கு மூன்று நாள் பெயின்ட் அடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலை முதல் பிளாஸ்டிக் மாடலாக வெளியிட்டது. 1967-இல் ஹோண்டா ஃபார்முலா ஒன் காரை 12-இல் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்தது. அப்புறம் 24-இல் ஒரு பங்கு அளவில் எத்தனையோ கார்கள்.

ஆனால் நம்ம ஊர் ஆளுக்கு ஃபெராரி மேல் என்ன பாசம் இருக்கப் போகிறது? நமக்கு கார் என்றால் அம்பாசடர் தான். தமியா பெட்டிக்குள் அம்பாசடர் வராது. பொம்மைக் கடையில், பின்னால் இழுத்து விட்டால் ஓடுமே, அந்த வெள்ளை பிளாஸ்டிக் அம்பாசடர் தான் கதி. அதைப் பிரித்து, தேய்த்து, மறுபடியும் பெயின்ட் அடித்து நிஜ வண்டி மாதிரி ஆக்குவது தனிக் கலை. அதுவும் ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் உட்கார்ந்து செய்வது இருக்கிறதே... அது இன்னும் தனி!

எல்லாம் காற்றினால் வருகிற வினை

பாம்பன்காரர்களிடம் கேட்டால் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வாடை அடித்தால் ஒரு கடல் பொங்கும், கச்சான் அடித்தால் இன்னொரு கடல் பொங்கும். எந்தக் கடல் பொங்கினாலும் உப்பு மட்டும் கரைக்கு வந்து சேர்ந்துவிடும். இந்தப் பக்கம் உலகத்திலேயே இரும்பை அதிகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று. அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தது இது தான் என்று பலரும் சொல்வார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) துரு பற்றி ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்ததும் சும்மா இல்லை.

பாம்பன் பாலத்தையே பாருங்களேன். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் அடிபட்டு, 46 நாளில் சரிசெய்யப்பட்டு, மறுபடியும் ரயில் ஓடியது. அவ்வளவு பெரிய புயலையும் தாங்கியது, ஆனால் தினசரி உப்புக்காற்றோடு நடந்த சண்டை ஓயவே இல்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு. பராமரிப்பு இல்லாமலே 35 வருஷத்துக்கு மேல் தாங்கும் என்ற கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஆக, பாலமோ பொம்மையோ, இந்த ஊரில் பெயின்ட் என்பது அழகு சமாச்சாரம் மட்டும் இல்லை.

ஒரு டாக்ஸியின் கதை

ராமநாதபுரத்தில் ஒரு டிரைவர். சொந்த அம்பாசடர், டாக்ஸி. ரயிலில் வந்து இறங்கும் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம், அங்கிருந்து தேவிபட்டினம், திருப்புல்லாணி, மறுபடி ஸ்டேஷன். 1988 அக்டோபர் 2-இல் திறந்த அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தை அந்த வண்டி எத்தனை தடவை தாண்டியிருக்கும் என்று அவருக்கே கணக்கு தெரியாது. பத்தொன்பது வருஷம் ஓடியது.

மகன் கல்லூரியில் சேரும் வருஷம் வண்டியை விற்க வேண்டி வந்தது. தளம் முழுக்கத் துரு. பட்டறைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, ஓட்டையை அடைச்சு பட்டி பாத்து, மேல ஒரு கோட்டு வெள்ளை அடிச்சு விட்டுருவோம். ஒரு பயலுக்கும் தெரியாது. ரெண்டு மழை தாங்கும்."

"மூணாவது மழையில?"

"அது வாங்குனவன் பாடு."

டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுலயும் நாலு பேரு புள்ளகுட்டியோட தானய்யா ஏறுவாங்க" என்றார். வண்டி காயலான் கடைக்குப் போனது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எறிமதிப்பு என்று ஒரு கடைசி எண் தேய்மானக் கணக்கில் வரும். அந்த எண் தான் கைக்குக் கிடைத்தது. முதல் வருஷ ஃபீஸுக்கு அது போதவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மகனுக்கு அப்பா மேல் கோபம். ஒரு கோட்டு பெயின்ட் அடித்திருந்தால் தோடு வீட்டிலேயே இருந்திருக்குமே என்று.

இரண்டு வருஷம் கழித்து, தோடு திரும்பி வந்த பிறகு, அந்தப் பையன் பொம்மைக் கடையில் ஒரு அம்பாசடர் வாங்கி வந்தான். அப்பாவுடைய வண்டியைச் செய்வது என்று முடிவு.

முதலில் குளிப்பாட்டு

நிஜ அம்பாசடர் 4,325 மில்லிமீட்டர் நீளம். பொம்மை 120 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 36-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கு எதற்கு என்றால், பொம்மை மேல் 0.1 மி.மீ. கனத்துக்கு பெயின்ட் அப்பினால், நிஜ வண்டி மேல் 3.6 மி.மீ. அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கு மூடிப்போகும், பானட்டில் இருக்கும் எழுத்து அழிந்துபோகும். மாடல் பெயின்டிங்கில் பாதிப் பாடம் இது தான்: எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நிஜம்.

அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றினால் மேல் கூடு தனி, தளம் தனி. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர ஒரு வழவழப்பு பூசியிருப்பார்கள். அது போகாவிட்டால் பெயின்ட் ஒட்டாது. கை எண்ணெயும் அதே கதை தான்.

இங்கே ஊர் விசேஷம் ஒன்று உண்டு. நம்ம பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயவைத்தால் வெள்ளைப் புள்ளி படியும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் கடைசி அலசல் நல்ல தண்ணியில். (குடிக்க வைத்த கேன் தண்ணீரில் கார் கழுவினால் அம்மாவிடம் திட்டு நிச்சயம்.) இது பொம்மைக்கு மட்டும் இல்லை. உப்பு படிந்த இரும்பு மேல் பெயின்ட் அடித்தால், அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். கப்பலுக்கும் பாலத்துக்கும் கூட உப்பைப் போக்கிவிட்டுத் தான் பெயின்ட்.

பட்டியும் உப்புத்தாளும்

கூட்டின் நடுவே அச்சு சேர்ந்த கோடு மெல்லிசாக ஓடும். 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். அப்புறம் 1000. பள்ளம் இருந்தால் பட்டி. பட்டி காய்ந்ததும் சுருங்கும், அதனால் ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு தடவையாகப் பூசித் தேய்ப்பது நல்லது. தச்சர்கள் இந்தத் தாளை உப்புத்தாள் என்பார்கள். உப்பு இந்த ஊரில் எதைத்தான் விட்டது!

அதன் பிறகு பிரைமர். சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பொல்லாத சாட்சி. அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் அடித்த மறுநிமிஷம் பளிச்சென்று தெரியும். மறுபடி தேய், மறுபடி அடி. கார் பட்டறையில் கிடைக்கும் பெயின்டையும் தின்னரையும் வெறும் பிளாஸ்டிக் மேல் நேராக அடித்தால் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும், ஜாக்கிரதை. எனாமல் மேல் லேக்கர் அடித்தால் அடியில் இருப்பது சுருண்டு தோல் மாதிரி கிளம்பும். லேக்கர் அடியில், எனாமல் மேலே. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

எப்போது அடிப்பது?

காலை ஆறு மணிக்கு வேண்டாம், சாயங்காலக் கடல்காற்றிலும் வேண்டாம். ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால், கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படியும். பளபளப்பு போய் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மாதிரி ஆகிவிடும். பதினோரு மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, நிழலில், காற்று நேராக மேலே படாத இடத்தில் அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டின்னைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

ஸ்ப்ரே டின்னை நன்றாகக் குலுக்கி, சுமார் 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடிக்கவும். வண்டிக்கு வெளியே அடிக்க ஆரம்பித்து, வண்டியைத் தாண்டி வெளியே போய் நிறுத்தவும். முதல் கோட்டு பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். அடியில் இருப்பது தெரிந்தால் தெரியட்டும். ரொம்பத் தள்ளிப் பிடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி சொரசொரப்பு. ரொம்பக் கிட்டப் பிடித்தால் வழிந்துவிடும். அடித்து முடித்ததும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டால் தூசி விழாது. காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கவும். மூக்கால் மோந்து பாருங்கள், வாசனை அடித்தால் இன்னும் காயவில்லை.

பையனுடைய முதல் அம்பாசடர் இப்படித்தான் தயாரானது. வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்த பழைய டாக்ஸி நிறம், மேலே கிளியர் கோட்டு, பம்பருக்குச் சமையல் அலுமினியத் தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குப்பா. ஷோரூம் வண்டி மாதிரி இருக்கு" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உப்பு வைத்துத் துரு

பாராட்டு தான். ஆனால் அது அவருடைய வண்டி இல்லை என்று பையனுக்குப் புரிந்தது. இன்னொரு பொம்மை வாங்கினான்.

துருப்பிடித்த மாதிரி காட்ட மாடல்காரர்கள் வைத்திருக்கும் வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். சாதாரண உப்பு! முதலில் துரு நிறம் அடிக்க வேண்டும். ஒரே பழுப்பாக இல்லாமல் கரும்பழுப்பு, காவி, கொஞ்சம் ஆரஞ்சு என்று திட்டுத்திட்டாக. நன்றாகக் காய்ந்ததும், துரு தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டு, உப்பைத் தூவ வேண்டும். பொடி உப்பும் கல் உப்பை இடித்த குருணையும் கலந்திருந்தால் திட்டுகள் ஒரே அளவாக இல்லாமல் இயல்பாக வரும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு அங்கேயே ஒட்டி நிற்கும். அதன் மேல் வண்டியின் நிறத்தை மெல்லிசாக அடிக்கவும். அது காய்ந்த பிறகு நல்ல தண்ணியில் நனைத்து மெல்லத் தேய்த்தால் உப்பு உதிரும். உதிர்ந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கும். கடைசியில் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் ஒரு கோட்டு.

வாலிநோக்கத்தில் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனம் உப்பு எடுக்கிற மாவட்டம் இது. மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை :-)

பையன் சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே என்று வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்தபடி உப்பு வைத்துக்கொண்டிருந்தான். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"அங்கெல்லாம் இம்புட்டு இல்லப்பா. டிக்கிக்கு உள்ள தான். பின் சீட்டுக்கு அடியில."

"உள்ளயா? எப்படிப்பா?"

"அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்தோட வருவாங்க. சில பேரு அப்படியே ஏறி உக்காந்துருவாங்க. மத்தவங்க ஈரத்துணிய மூட்டையாக் கட்டி டிக்கியில வைப்பாங்க. ஊரு போயிச் சேர்ற வரைக்கும் சொட்டிக்கிட்டே வரும். கடல் தண்ணி."

"ஒரு பிளாஸ்டிக் சாக்கு விரிச்சிருக்கலாமே?"

"விரிச்சிருந்தேன். ஓரமா எறங்கும்ல. அதுக்காக நனஞ்சு வந்த கெழவிய ஏறாதன்னு சொல்ல முடியுமா?"

அந்த வண்டியை அரித்தது வெளிக்காற்று மட்டும் இல்லை. ஏறி உட்கார்ந்தவர்கள் கொண்டுவந்த கடலும் தான். பத்தொன்பது வருஷத்து வருமானமும் பத்தொன்பது வருஷத்துத் துருவும் ஒரே ஆட்களிடமிருந்து வந்தவை. கணக்குப் புத்தகத்தில் வருமானம் ஒரு பக்கம், தேய்மானம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. அப்படிப்பட்ட தளத்தைப் பட்டி போட்டு மறைத்து, இன்னொரு குடும்பத்தை அதன் மேல் உட்கார வைக்க அவருக்கு மனசு வராதது ஏன் என்றும் பையனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது. தோடு அடகுக்குப் போனது நல்லது என்று அவன் இன்னும் சொல்லவில்லை. கோபம் மட்டும் குறைந்திருக்கிறது.

அவன் மேல் கூட்டில் வைத்த உப்பைப் பாதி துடைத்துவிட்டான். தளத்தைத் தனியாக எடுத்து, டிக்கி வரும் இடத்திலும் பின் சீட்டு வரும் இடத்திலும் துரு நிறம், உப்பு, மேலே வெள்ளை என்று புதிதாக ஆரம்பித்தான். பொம்மைக்கு டிக்கி திறக்காது. திருகாணி முடுக்கிய பிறகு உள்ளே ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரியாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு வேலை என்று சிநேகிதர்கள் கேட்டார்கள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. உப்பை உதிர்த்த பிறகு நல்ல தண்ணியில் இரண்டு தடவை அலசிவிடுங்கள். ஒரு பொடி மிஞ்சினாலும் வார்னிஷுக்கு அடியில் ஈரத்தை இழுத்து, ஆறு மாதத்தில் திட்டுத்திட்டாக வெளுக்கும். இந்த ஊரில் உப்பை வைப்பது சுலபம், எடுப்பது தான் வேலை.