அறியாதவருக்கு ஒரு ஜாமீன்

கனடா தேசத்துக்குப் போய் வந்தவர்களில் நயாகராவைப் பற்றி எழுதாதவர்கள் யார்? ஆகையால், நேயர்களே, அந்த நீர்வீழ்ச்சியை அதன் போக்கில் விழ விட்டுவிடுவோம். நான் சொல்லப் போவது மானிடோபா மாகாணத்தில் ஓர் ஆற்றங்கரையைப் பற்றி. அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. கலங்கிய தண்ணீர், நாணல், ஒரு நினைவுக் கல், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கல்லின் முன்னே நான் அரை மணி நேரம் நின்றேன்.

என் மருமகன் ராமு வின்னிபெக் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தெற்கே விட்டான். அப்பப்பா, என்ன சமவெளி! மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தோசைக் கல்லைப் போல் பூமி விரிந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் கோதுமை. முக்கால் மணி நேரத்துக்குள் நிவர்வில் என்ற சிற்றூர் வந்தது. அதற்கு அப்பால், ரெட் ஆறும் ராட் ஆறும் சங்கமிக்கும் இடத்தில் 1874 ஆகஸ்டு 1-ம் தேதி ஒரு நீராவிப் படகு வந்து நின்றதாம். அதிலிருந்து குஞ்சும் குளுவானுமாக இறங்கியவர்கள் மென்னோனைட்டுகள்.

யார் இவர்கள்? பதினாறாம் நூற்றாண்டில் மென்னோ ஸைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியாரைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம் என்பார்கள். ஆயுதம் தொடமாட்டார்கள். நீதிமன்றத்தில் கூடச் சத்தியம் செய்யமாட்டார்கள். 'ஆம்' என்றால் ஆம்; அதற்கு மேல் ஆணை எதற்கு என்பது அவர்கள் கட்சி. இதற்காக ஊர் ஊராய்த் துரத்தப்பட்டு, கடைசியில் ருஷ்ய நாட்டுப் புல்வெளிகளில் உழுது பிழைத்தார்கள். அங்கேயும் 1870-களில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. மறுபடியும் மூட்டையைக் கட்டினார்கள்.

இப்போது நம் கதாநாயகர் வருகிறார். அவர் ருஷ்யாவைக் கண்ணால் கண்டவர் அல்ல. ஜேக்கப் ஷான்ட்ஸ் 1822-ல் ஒன்டாரியோவில் பிறந்த மென்னோனைட் விவசாயி. பண்ணையும் மரம் அறுக்கும் மில்லும் வைத்திருந்தார். கட்டட வேலையும் தெரியும். இரண்டு மனைவியரை மண்ணுக்குக் கொடுத்து, மூன்றாவதாகவும் மணந்து குடும்பம் நடத்தினார். ஐம்பது வயதில் இப்படிப்பட்டவர் என்ன செய்வார்? திண்ணையில் சாய்ந்துகொண்டு பேரன் பேத்திகளை எண்ணுவார். இவரோ 1872 நவம்பர் குளிரில், ருஷ்யாவிலிருந்து வந்திருந்த பெர்னார்டு வார்க்கன்டின் என்ற வாலிபரை அழைத்துக்கொண்டு, ரயிலிலும் குதிரை வண்டியிலுமாக மானிடோபாவுக்குக் கிளம்பிவிட்டார். மண் எப்படி, தண்ணீர் எப்படி, விறகு கிடைக்குமா என்று பார்த்து எழுதிய அறிக்கையை 1873-ல் சர்க்கார் புத்தகமாகவே வெளியிட்டது.

அடுத்த வருஷம் படகு வருவதற்குள், வருகிறவர்கள் தங்க நீண்ட கொட்டகைகள் போட்டு வைத்தார். 1874-லிருந்து 1880-க்குள் சுமார் 7,000 பேர் மானிடோபாவில் வந்து இறங்கினார்கள். ஒன்று மறக்கக் கூடாது. அது வெறும் தரிசு அல்ல. ஆதிகுடிகளும் மெட்டி மக்களும் வாழ்ந்த பூமி. ஆதிகுடிகளோடு சர்க்கார் உடன்படிக்கை செய்துகொண்டு மூன்று வருஷந்தான் ஆகியிருந்தது.

வந்தவர்களின் கஷ்டம் கொஞ்சமல்ல. ஸ்டைன்பாக் ஊரிலுள்ள பொருட்காட்சி கிராமத்தில் அவர்களுடைய முதல் வீட்டின் மாதிரி இருக்கிறது. மண்ணைத் தோண்டி, மேலே கூரை வேய்ந்த குழி வீடு! பக்கத்திலேயே வசதி வந்த பிறகு கட்டிய வீடு. அதில் மனிதர் பகுதியும் மாட்டுத் தொழுவமும் ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கின்றன. பனிக்காலத்தில் வெளியே வராமலே பால் கறக்கலாம்.

விதைத்த பயிரை முதல் வருஷங்களில் வெட்டுக்கிளி தின்றது. கையில் காசில்லை. 1875-ல் கனடா சர்க்கார் ஒரு லட்சம் டாலர் வரை கடன் கொடுக்கச் சம்மதித்தது. ஆனால், ஜாமீன் வேண்டும் என்றது. யார் நிற்பார்கள்? ஷான்ட்ஸும் ஒன்டாரியோ விவசாயிகளும் நின்றார்கள். முகம் தெரியாதவர்களுக்காகத் தங்கள் நிலபுலன்களைப் பொறுப்புக் கட்டினார்கள்.

இதை நான் சொன்னதும் ராமு சிரித்தான். "மாமா, அசட்டுத்தனம் இல்லையா இது? நம்ம தாத்தா கதை உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன! என் தகப்பனார் ஒரு சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சிநேகிதர் ஊரை விட்டுப் போனார். கிணற்றடி நஞ்சை ஏலத்துக்குப் போனது. தண்டோரா போட்ட அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. "எந்தக் காகிதத்திலும் பிறத்தியாருக்காகக் கையெழுத்துப் போடாதே" என்று அவள் என்னிடம் வாங்கிய சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். ஒரு தடவை சொந்தத் தம்பிக்கே மறுத்திருக்கிறேன். அவன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மானிடோபாக் கடன் என்ன ஆயிற்று? கடைசித் தவணை 1892-ல் வட்டியோடு கட்டப்பட்டது. பதினேழு வருஷம்! சத்தியம் செய்யாதவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஷான்ட்ஸ் அதற்குப் பிறகாவது ஓய்ந்தாரா என்றால், அதுவும் இல்லை. எழுபது வயதுக்கு மேல் ஆல்பர்ட்டாவில் டிட்ஸ்பரி என்ற ஊரில் புதுக் குடியேற்றத்துக்கு வழிகாட்டினார். 1909-ல் எண்பத்தேழாம் வயதில் காலமானார்.

ஆற்றங்கரையில் வெயில் சாய்ந்தது. "கிளம்பலாமா, மாமா?" என்றான் ராமு.

"கிளம்பலாம். அதற்கு முன்னே உன் டெலிபோனைக் கொஞ்சம் கொடு. இந்நேரம் நம்ம ஊரில் விடிந்திருக்கும். தம்பி எழுந்திருப்பான்" என்றேன்.